ஜும்மா முடிஞ்சு வர்ற போன்

— கதவச் சாத்திட்டு வந்து உக்காருங்க சனோபர். போன தடவ எதுல விட்டீங்களோ அதுல இருந்து சொல்லுங்க.

— சாத்துனா மாமி சந்தேகப்படுவாக மேடம். வெளிய பெஞ்சுலதான் இருக்காக. 'அந்த ரூம்புக்குள்ள என்னத்த ரகசியம்'னு பஸ்ஸேறையிலயே கேட்டாக.

— இது தனியாப் பேசுறதுக்குன்னே இருக்கிற ரூமு. துக்க வீட்டுல ஊரே கூடி ஆறுதல் சொல்றது வேற. அங்க நாலு பேரு நடுவுல எதச் சொல்லலாம், எத முழுங்கணும்னு பாத்துப் பாத்துப் பேசுவோம். இங்க அந்தக் கணக்கு வேணாம். நீங்க பேசுறது இந்தக் கதவத் தாண்டாது.

— எனக்கு யாரு மேடம் ஆறுதல் சொன்னா? எங்க தெருவுல ஒருத்தியாவது என்னக் கட்டிப்புடிச்சு அழுதிருப்பாளா? எதுக்க வந்தா மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருவாளுக. எம் மொகத்தப் பாத்தா வாய்தவறி எதுவும் வந்துருமோன்னு பயம்.

— ஏன்னா உங்க வீட்டுக்காரர் சவுதில இறந்தது ஊருக்கெல்லாம் தெரியும், அவர் அம்மாவுக்கு மட்டும் தெரியாது.

— ஆமா. மாமிக்கு நெஞ்ச அறுத்து ஆபரேசன் பண்ணிருக்கு. அதிர்ச்சியா எதுவுஞ் சொல்லிராதீகன்னு டாக்டரு சொல்லி அனுப்பிருந்தாரு. எங்க வீட்டுக்காரவுக அங்க படுத்தவாக்குல எந்திரிக்காமப் போயிட்டாகன்னு சேதி வந்ததும், ஜமாத்துல பெரியவுக கூடிப் பேசி, 'தாய்க்குத் தெரிய வேணாம்'னு முடிவெடுத்துட்டாக. மையத்தும் ஊருக்கு வரல. அங்கனயே அடக்கம் பண்ணிட்டாக. மறைக்கிறதுக்கு எல்லாமே தோதாப் போச்சு. நான் ஒருத்திதான் தோதில்லாம இருக்கேன்.

— தோதில்லாமன்னா?

— எங்கள்ல புருசன் மவுத்தாயிட்டா இத்தா இருக்கணும் மேடம். நாலு மாசத்துக்கு மேல வீட்டுக்குள்ளயே. பூ கூடாது, நக கூடாது, கண்ணுக்குச் சுருமா கூடாது. சின்னப் புள்ளையில எங்க பெரியம்மா இருந்ததப் பாத்து, ஐயோ செயிலு மாதிரி இருக்கேன்னு நெனப்பேன். இப்ப அந்தச் செயிலு கெடைக்காதான்னு இருக்கு. அவுக போயி பக்ரீத்து வந்துருச்சு, மிலாது நபியும் வந்துட்டுப் போயிருச்சு, நான் இன்னும் கருகமணியோட, பூவோட அலையிறேன். பக்ரீத்துக்கு மாமி தங்கையாலயே எனக்கு மருதாணி அரச்சு வச்சாக. 'நல்லாச் செவந்திருக்கு, எம் மவனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பு'ன்னாக. நான் அனுப்புனேன் மேடம். அவுக நம்பருக்கே அனுப்புனேன்.

— அழணும்னு தோணுனா அழுங்க.

— வீட்டுல பாத்ரூம்புல கொழாயத் தொறந்து விட்டுட்டுத்தான் அழுவேன். அந்தச் சத்தம் இல்லாம அழுக வரமாட்டேங்குது. பழகிப்போச்சு. என்ன செய்ய?

— சரி. போன வாரம் ஒரு வேலை சொன்னேன்ல. அந்தக் காலிச் சேருல உங்க வீட்டுக்காரர் இருக்கார்னு வச்சுக்கிட்டு, அவர்ட்ட சொல்லாம விட்டத...

— முடியல மேடம். இரும்புச் சேருட்ட எப்படிப் பேச? அதும் அவுக சேருல உக்காரவே மாட்டாக. தரையில சம்மணம் போட்டு, செவத்துல சாஞ்சுக்கிட்டுத்தான்.

— சேர விடுங்க. என்கிட்டச் சொல்லுங்க. என்ன சொல்லணும்னு இருக்கு?

— நாந்தான் அனுப்புனேன். லீவுல வந்தவுக திரும்பிப் போகமாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னாக. இங்கனயே ஆடு வாங்கி விட்டுப் பொழச்சுக்கிறேன், நெஞ்சுல என்னமோ மாதிரி இருக்குன்னாக. நாந்தான், 'இந்த ஒரு தடவ போங்க மச்சான், மாடியில ஒரு ரூம்பப் போட்டுட்டு வந்துருங்க'ன்னேன். நெஞ்சுல ஒண்ணுமில்ல, பிரியாணி திண்ணது செமிக்கலன்னு சொல்லிச் சிரிச்சேன்.

— இத வேற யாருகிட்டயாச்சும் சொல்லிருக்கீங்களா?

— உங்ககிட்டத்தான். ஆனா நாந்தான் அனுப்புறேன்னு மாமி அன்னைக்கே கண்டுபுடிச்சுட்டாக. போகக்கூடாதுன்னு மல்லுக்கு நின்னாக. கெளம்புற அன்னைக்கி வாசல்ல வச்சு, 'பொண்டாட்டி பேச்சக் கேட்டு வண்டியேறுறியா? இனிமே நீ எனக்கு மவன் இல்ல, எம் மையத்துக்குங்கூட வராத'ன்னு தெருவே பாக்கக் கத்துனாக. இவுக சலாங்கூடச் சொல்லாம வேனுல ஏறிட்டாக. அதோட சரி. எங்கிட்டத் தெனமும் பேசுவாக, அம்மாட்டப் பேசவே இல்ல. பேசுங்க மச்சான்னு நான் எத்தனையோ கெஞ்சுனேன். 'கோவம் தீரட்டும், நானே கூப்புடுறேன்'னு சொல்லிக்கிட்டே இருந்தாக.

— அப்ப அவர் இறந்த பிறகு அவர் பேருல உங்க மாமிகிட்டப் போன்ல பேசினது?

— அவுக தம்பி ரபீக்கு. குவைத்துல இருக்காக. அண்ணந் தம்பிக்குக் கொரலு ஒண்ணுபோல இருக்கும். மாமி தெனமும், 'எம் மவன ஒரு தடவ பேசச் சொல்லு, ஒரே ஒரு தடவ'ன்னு எங்கால்ல விழாத கொற. அப்பறந்தான் ரபீக்கு, 'அண்ணன் பேசுற மாதிரி நான் பேசுறேன் மதினி'ன்னாக. வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சு கூப்புடுவாக. மாமி மொகம் அப்படியே பூத்துப்போகும்.

— இப்ப நின்னுபோச்சுன்னு சொன்னீங்க.

— ரபீக்கால முடியல. 'நான் அண்ணன வாரா வாரம் தோண்டி எடுக்கிற மாதிரி இருக்கு, விட்டுருங்க'ன்னு அழுதுட்டாக. போனே வரல. ஆனா மாமி பேசுறாக மேடம். வெள்ளிக்கெழமையானா ஆஃப் பண்ணிக் கெடக்குற போனக் காதுல வச்சுக்கிட்டு, 'ஆமாப்பா, சரிப்பா, ஒம் பொண்டாட்டி நல்லாத்தான் இருக்கா, பூவும் நகையுமா இருக்கா'ன்னு எனக்குக் கேக்குற மாதிரி பேசுறாக. அதப் பாத்துத்தான் பயந்து கூட்டியாந்தேன். புத்தி பெரண்டுருச்சோ என்னமோ. நீங்களே பதமாச் சொல்லிருங்க மேடம். சொல்லிட்டீங்கன்னா நான் வீட்டுக்குப் போயி ஒரு நாளாவது வாய்விட்டு அழுதுக்கிருவேன். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.

— அவங்கள அனுப்புங்க. நீங்க போயி சுகர் மாத்திரை வரிசையில நில்லுங்க. நான் பாத்துக்கிறேன்.

— வலிக்காமச் சொல்லுவீகள்ல?

— வலிக்காமச் சொல்ல யாராலயும் முடியாதும்மா. பக்கத்துல இருந்து சொல்லலாம். அவ்வளவுதான்.

— ...மாமி! உள்ள கூப்புடுறாக. நான் மாத்திர வாங்கியாரேன்.

— வாங்கம்மா. பாத்து, படி இருக்கு.

— நீதான் ஊசி போடாத டாக்டராக்கும்?

— டாக்டர் இல்லம்மா, ஆலோசகர். தங்கமாரின்னு பேரு. அந்தச் சேரு வேணாம், இங்கிட்டு இதுல உக்காருங்க.

— ஏன், இதுல ஆரும் உக்காந்திருக்காகளா?

— இல்ல... சரி, உக்காருங்க.

— சவுரியமாத்தான் இருக்கு. சொல்லு. எம் மருமவ என்னமெல்லாம் ஓதிட்டுப் போனா?

— அவங்க பேசுனது அவங்களோடது. உங்ககிட்ட அதச் சொல்லமாட்டேன். நீங்க பேசுறத அவங்ககிட்டயும் சொல்லமாட்டேன்.

— அத இன்னொருக்காச் சொல்லு.

— எத?

— நான் பேசுறது அவகிட்டப் போகாதுன்னியே, அத. காது கொஞ்சம் மந்தம். நல்லா ஒறக்கச் சொல்லு.

— நீங்க பேசுறது இந்தக் கதவத் தாண்டாதும்மா.

— நல்லது. சொன்ன வாக்கு சொன்னபடி இருக்கட்டும். இப்ப நீ எனக்கு என்னமோ சொல்லணும்ல? சொல்லு தாயி.

— அம்மா... உங்க மகன் ஹபீப் ரகுமான் கடைசியா உங்ககிட்ட எப்பப் பேசுனாரு?

— வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பேசுறானே. 'அம்மா, சாப்டியா? மாத்திர போட்டியா? முட்டிவலி தேவலையா?' அம்புட்டு அக்கற. எம் மவன் உசுரோட இருக்கையில ஒரு நாளும் எங்கிட்டச் சாப்டியான்னு கேட்டதில்ல. செத்த பெறகு எம்புட்டு நல்லாப் பேசுறான் பாரு.

— செத்த பெறகுன்னா...

— என்ன, பாதியில நிப்பாட்டிட்ட? பேசுறதுக்குத்தான ஒனக்குச் சம்பளம்?

— உங்களுக்குத் தெரியுமா?

— பெத்தவளுக்கு ரபீக்கு கொரலு எது, ஹபீபு கொரலு எதுன்னு தெரியாமப் போகுமாக்கும்? மொத வார்த்தையிலயே தெரியும். அதுக்கு முந்தியே தெரியும். ஊர்ல எல்லாருக்கும் முந்தி எனக்குத்தான் தெரியும்.

— எப்படிம்மா?

— அன்னைக்கி விடிஞ்சும் விடியாம என் போன் அடிக்குது. பாத்தா எம் மவன் படம். வேனுல ஏறுனதுல இருந்து ஒரு வார்த்த பேசாதவன். வேட்டி சட்டையில பெருநாளைக்கு எடுத்த படம், செல்லுல சிரிச்சுக்கிட்டு இருக்கான். கோவம் தீந்துபோச்சு, எம் புள்ள என்னையத் தேடிட்டான்னு ஓடுனேன் தாயி. இந்த முட்டிய வச்சுக்கிட்டு ஓடுனேன். ஓடிப்போயி எடுத்து, 'ஏய்யா ஹபீபு, அம்மாதாய்யா'ங்கேன். அந்தப் பக்கம் வேற ஆளு. ரூம்புல கூட இருந்த பயலாம். செத்தவன் போன எடுத்து, 'அம்மா'ன்னு எழுதியிருந்த நம்பருக்குப் போட்டுருக்கான். மவுத்தாயிட்டாகம்மாங்கான்.

— அய்யோ.

— நீ என்னத்துக்கு அய்யோங்குற? கேளு. 'ஒண்ணுங் கேக்கலையே'ன்னு சொல்லிப் போனக் கட் பண்ணேன். அந்தப் பய அடுத்து இவளுக்குத்தான் போடுவான்னு தெரியும். இவ கொல்லையில பாத்திரம் வெளக்கிக்கிட்டு இருந்தா. மொத நாளு வாங்குன மல்லியப்பூ ஈரத்துணியில இருந்துச்சு. எடுத்துக்கிட்டுப் போயி, 'திரும்பு புள்ள'ன்னு சொல்லி, நானே தல நெறய வச்சு விட்டேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து அவ தலையில நான் பூ வச்சதே இல்ல. சிரிச்சா. 'என்ன மாமி இன்னைக்கி'ன்னா. அந்தச் சிரிப்பு வாயில இருக்கையிலயே அவ போன் அடிச்சுச்சு.

— ஏன்? ஏன் அப்படிச் செஞ்சீங்க?

— தலையில பூவோட கேக்கணும்னுதான். எம் மவன மாடி ரூம்புக்கு வித்தவ, பூவோட நின்னு கேக்கட்டும்.

— அவங்க உங்களக் காப்பாத்தணும்னுதான் இவ்வளவு நாளும் மறைச்சாங்க. உங்க நெஞ்சுக்கு எதுவும் ஆகிரக்கூடாதுன்னு.

— தெரியும். நல்ல புள்ள. அதுதான் எனக்குத் தோதாப் போச்சு. எனக்காக மறைக்கிறியா, மற. சிரிச்சுக்கிட்டு மற. சுருமா போட்டுக்கிட்டு மற. மருதாணி வச்சுக்கிட்டு மற. கொழாயத் தொறந்து விட்டு அழுவா, செவத்துக்கு இங்கிட்டு எனக்குக் கேக்கும். 'தண்ணிய இப்படிக் கொட்டாத புள்ள, நம்ம ஊருல தண்ணி என்ன வெலை'ன்னு சத்தங் குடுப்பேன். அழுக நின்னுரும்.

— நீங்க அழுதீங்களாம்மா?

— என்னது?

— உங்க மகனுக்காக. ஒரு தடவையாவது அழுதீங்களா?

— அழுதா அவளுக்குத் தெரிஞ்சுரும்ல.

— அப்ப அவங்களுக்குப் போட்ட கயிறு உங்க கழுத்துலயுந்தான் இருக்கு.

— இருந்துட்டுப் போகட்டும். நீ படிச்சத எல்லாம் எங்கிட்டக் காட்டாத. எங்கிட்டப் பேசாமயே செத்தவன் அவன். அவளுக்கு விடிய விடியப் பேசுவான், வீடியோவுல சிரிப்பான், எனக்குச் செவத்துக்கு இங்கிட்டு இருந்து காதுல விழுகும். என்னைய மட்டும் வேணாம்னுட்டான். மையத்துக்கு வராதன்னு கோவத்துல சொன்னேன். அவன் மையத்துக்கு என்னையப் போகவிடாமப் பண்ணிட்டான். ரபீக்கு பேசையில, கள்ளந்தான்னு தெரியும், இருந்தாலும் அந்தக் கொரலு 'அம்மா'ங்கும். அதுக்காக வாரம் பூராம் உக்காந்திருப்பேன். இப்ப அந்தப் பயலும் நிப்பாட்டிட்டான்.

— அதனாலதான் வெறும் போன்ல பேசுறீங்க.

— அவ கேக்கணும்னு பேசுறேன்.

— அதுக்கு மட்டுமா? அம்மா, இன்னைக்கி நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்க. ஒரே வார்த்தை. தெரியும்னு. நான் கூட இருக்கேன். ரெண்டு பேரும் ஒரே ஆளுக்காகத்தான் வெந்துக்கிட்டு இருக்கீங்க.

— மாட்டேன். நீயுஞ் சொல்லக்கூடாது. கதவத் தாண்டாதுன்னு நீதான் சொன்ன. இல்ல, அதெல்லாம் சும்மா போர்டுல எழுதி வைக்கிறதுக்கா?

— சொல்லமாட்டேன். ஆனா உங்களக் கெஞ்சிக் கேக்குறேன்.

— கெஞ்சு. நானும் ஒருத்தங்கிட்டக் கெஞ்சுனவதான். மனசுக்குள்ள கெஞ்சுனேன், அதான் அவனுக்குக் கேக்கல. ...இந்தா வந்துட்டா. மொகத்தத் தொடச்சுக்க. நீ அழுதுருக்கன்னா அவளுக்குச் சந்தேகம் வரும்.

— மாமி, மாத்திர வாங்கிட்டேன். இந்த தடவ மஞ்ச மாத்திர இல்லையாம், வெள்ளதான் குடுத்தாக. மேடம்... பேசுனீகளா?

— பேசுனோம்மா.

— மாமிக்கு ஒண்ணுமில்லையே? மாமி, நெஞ்சு எதுவும்...

— எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். ஒங் கண்ணு ஏன் இப்படிச் செவந்திருக்கு? புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில எந்தப் பொம்பளையாவது கண்ணு செவக்க அழுவாளா?

— அது... வெயிலு மாமி. மேடம், நீங்க சொல்லலையா?

— இன்னும்... இன்னும் நேரம் வரலம்மா.

— எதுக்கு நேரம் வரல? ஆங், ஜும்மா தொழுக முடிஞ்சிருக்கும்ல! நல்ல வேள. போன எடு அந்தப் பையில இருந்து. ஹபீபு கூப்புடுற நேரம்.

— வீட்டுல போயிப் பேசிக்கிருவோம் மாமி. காரியாபட்டி பஸ்ஸு போயிட்டா அடுத்து...

— பஸ்ஸு கெடக்கு. எடுங்கேன்ல? ...அலோ. ஆரு, ஹபீபா? அம்மாதான்யா. சாப்டேன், சாப்டேன். இங்க டவுனுலதான் இருக்கோம். ஒம் பொண்டாட்டியா? அவளுக்கென்ன, ராணியாட்டம் இருக்கா. பேசுறியா? இந்தா புள்ள, ஒம் புருசன்.

— அம்மா, வேணாம். போன உள்ள வைங்க. இது ரொம்பத் தப்பு.

— நீ இரு தாயி. கதவ நெனச்சுக்க. இந்தா சனோபரு, வாங்கு. காத்துக்கிட்டு இருக்கான்.

— மாமி... போனு ஆஃப்ல இருக்கு மாமி.

— தெரியும்.

— இதுல ஆரும் பேசல.

— தெரியும்.

— என்ன... என்ன தெரியும் மாமி?

— எல்லாந்தான். அன்னைக்கிக் கொல்லையில ஒந் தலையில பூ வச்சு விட்டேன்ல? அதுக்கு முந்தியே.

— சனோபர், உக்காருங்க. என்னப் பாருங்க. மெல்ல மூச்சு விடுங்க. அழுகை வந்தா வரட்டும்மா, இப்ப யாருக்கும் மறைக்க வேணாம்.

— மருதாணி வச்சீகளே மாமி.

— வச்சேன்.

— சுருமா போடலன்னு ஏசுனீக.

— ஏசுனேன்.

— அவுகளப் பேசச் சொல்லு, பேசச் சொல்லுன்னு எங் கையப் புடிச்சுக்கிட்டுக் கெஞ்சுனீகளே. அப்பயும் தெரியுமா?

— அப்பயுந்தான். என்ன புள்ள அப்படிப் பாக்குற? அழு. இதுக்குத்தான வந்த? அழுது தொல.

— மாட்டேன். அந்தப் போனக் குடுங்க.

— என்னத்துக்கு?

— அவுக காத்துக்கிட்டு இருக்காகன்னீகளே. குடுங்க. ...அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான். நாந்தான். நல்லா இருக்கேன். மச்சான், ஒங்களுக்கு நெஞ்சுல வலின்னு சொன்னப்ப நான் சிரிச்சேன். மாடி ரூம்புக்காகப் போங்கன்னேன். அந்த ரூம்பு எனக்கு வேணாம் மச்சான். செங்கல்லு எல்லாம் அப்படியே கெடக்கு, ஆடு ஏறி நிக்கிது. என்னைய மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. ...ம். ...ம். ...அழுகல மச்சான். ...சரி. ...சரிங்க மச்சான்.

— நல்லது சனோபர். போதும். வாங்க, கொஞ்சம் தண்ணி குடிங்க.

— ஏ புள்ள, என்ன சொன்னான்? என்ன சொன்னான்னு கேக்குறேன்ல?

— எங்கிட்டச் சொன்னத எங்கிட்டத்தான சொன்னாக.

— எங்கிட்டக் குடு. குடுங்கேன்! ஹபீபு... அம்மாதான்யா. ஹபீபு?

— வச்சுட்டாக மாமி. ஒங்ககிட்டப் பேச மாட்டாகளாம்.